காகிதப்பூவா, முள்முடியா? வெட்டுமுன் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தைப் பல்கனிகளில் இந்த இரண்டு செடிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சந்தேகமென்றால் ஓர் இலையைக் கிள்ளுங்கள். பால் வடிந்தால் முள்முடி, ஆமணக்கின் குடும்பம். வடியாவிட்டால் காகிதப்பூ, அந்திமந்தாரையின் உறவு. நிறமாகத் தெரிவது இரண்டிலும் பூவிதழ் அல்ல, பூவடி இலை: காகிதப்பூவில் மூன்று, முள்முடியில் இரண்டு.

முள்முடிப் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கையுறை கட்டாயம். தண்டை 10 செ.மீ. நீளத்தில் வெட்டி, பாலைக் கழுவி, நிழலில் 3 முதல் 5 நாள் வெட்டுவாயைக் காயவிட்டு நடுங்கள். காயாமல் நட்டால் அடி அழுகிவிடும். கொழும்பின் ஈரக்காற்றில் அவசரப்படவே கூடாது.

காகிதப்பூவுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம். பென்சில் தடிப்பில் முற்றிய தண்டு, 15 செ.மீ., உடனே மணல் கலந்த மண்ணில். பூத்து முடிந்ததும் நுனியைக் கத்தரியுங்கள், புதுத் தளிரில்தான் மொட்டு வரும். இலை மட்டும் செழித்தால் தண்ணீரைக் குறையுங்கள்.