கையால் செய்த கத்தியை மதிப்பிடும் முறை

கையால் செய்த கத்தியைக் குறைநிறை சொல்லுமுன், அது எந்த வேலைக்கானது என்பதைச் செய்தவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். காய் நறுக்கும் கத்திக்கு நிறையாகும் மெல்லிய அலகு, விறகு பிளக்கும் கத்திக்குக் குறையாகிவிடும்.

பிறகு கைப்பிடியைக் கண்ணருகே பிடித்து, முதுகின் வழியே நுனிவரை பார்த்தால், அலகும் பிடியும் ஒரே கோட்டில் உள்ளனவா என்பது உடனே தெரியும். வெட்டும் விளிம்பை நோக்கி அலகு மெலியும் சாய்வு தொடங்கும் கோடு இரு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்கவும்.

மெருகைச் சோதிக்க, சன்னல் வெளிச்சத்தில் அலகை மெல்லத் திருப்புங்கள். முரட்டு உப்புத்தாளின் கீறல்களை முழுவதும் நீக்காமல் நயமான தாளுக்குத் தாவியிருந்தால், பளபளப்பின் அடியில் அவை குறுக்குக் கோடுகளாக எழுந்து நிற்கும். இது பெரும்பாலும் அழகுக் குறைதான். வெட்டும் விளிம்பருகே நீலம் படர்ந்திருப்பதோ வேறு வகை: பதமிட்ட (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய) பிறகு சாணை பிடிக்கையில் இரும்பு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியதன் அடையாளம் அது. சாதாரணக் கரிம எஃகானால் அவ்விடம் பதம் இழந்து விரைவில் மழுங்கும்.

கைப்பிடியில் ஆணித் தலையும் மரமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டினால் அங்கே இடைவெளி உண்டு. பிடியைச் சில நிமிடங்களாவது இறுகப் பற்றிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று.

கருத்துரைக்கும்போது, ‘வேலைப்பாடு போதாது’ என்பதைவிட, ‘இடப்பக்கச் சாய்வு 2 மில்லிமீட்டர் முன்னதாகத் தொடங்குகிறது’ என்று சொன்னால்தான் செய்தவர் திருத்த முடியும்.