மொரிஸ் மைனரின் வெள்ளைப் பொட்டுகள்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாக ஊறி வருவது. அதில் கழுவிய காரை வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் பொட்டுகள் விழும். எங்கள் பழைய மொரிஸ் மைனரின் பொனட்டில் அவை பெயிண்டையே அரித்திருந்தன.

வினாகிரியில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, நிழலில் சில நிமிடம் போர்த்திவிட்டுக் கழுவினேன். மேற்படிவு கரைந்தது, குழி கரையவில்லை. கரைய அங்கே எதுவும் இல்லையே! அதற்கு, பெயிண்டின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்தெடுக்கும் பசையான ரப்பிங் கொம்பவுண்ட்தான். துணியில் காரின் பச்சை நிறம் ஏறியதைக் கண்டு தம்பி பதறினான். மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற காப்புப் பூச்சு இல்லாத பழைய பெயிண்டில் அது வழமை. ஆனால், விளிம்புகளில் பூச்சு மெல்லியது, அங்கே அழுத்தவே கூடாது.

ஆழமான குழிகளை 2000 இலக்க வாட்டர் பேப்பரால் (மிக நுண்ணிய உப்புத்தாள்) ஈரமாகத் தேய்த்து, மீண்டும் கொம்பவுண்ட் போட்டு, மெழுகு பூசினேன். உற்றுப் பார்த்தால் ஒரு தழும்பு தெரியும். அதையும் தேய்த்தால் தகரம்தான் மிஞ்சும்.