எழும்பூர் மியூசியத்தில் படம் எடுக்க நண்பர்களையும் கூட்டிப் போங்கள்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கிளம்பும் முன் கிழமையைப் பாருங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. டிக்கெட் வாங்கும்போதே கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, எங்கெல்லாம் எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, ஃபிளாஷையும் அங்கேயே அணைத்துவிடுங்கள்.

அப்புறம் நேரே வெண்கலக் கூடம். காலையில் உடம்பும் கண்ணும் தெம்பாக இருக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அங்கே பெரிய தொல்லை சிலைகளை மூடியிருக்கும் கண்ணாடிதான். சிலையை எடுத்தால் அதன் மார்பின் மேல் ஒரு விளக்கும் உங்கள் வெள்ளைச் சட்டையும் சேர்ந்து விழும். இதற்குத்தான் நண்பர்கள் வேண்டும். கருப்பு, கருநீலம் என்று அடர்ந்த நிறத்தில் உடுத்தி வந்தவரை உங்களுக்குப் பின்னால், அந்த விளக்கை மறைக்கிற மாதிரி நிற்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் விழுந்த வெளிச்சம் போய்விடும். போனைக் கண்ணாடியில் இடிக்காமல் எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டே பிடியுங்கள். திரையில் சிலையின் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்து ஃபோகஸை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள், இல்லாவிட்டால் பின்னணி இருட்டாக இருப்பதைப் பார்த்துப் போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி வெண்கலத்தை வெளிறடித்துவிடும்.

முழுச் சிலை ஒரு படம் போதும், மீதியை உறுப்புகளுக்கு வையுங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரிக்குக் கைகள் மூன்றுதான், சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. நம் வலப்புறத்தில் உமையின் இடுப்பு வளைகிற இடத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள், அதே உடம்பு இன்னொருவராக மாறுவது தெரியும். திருவாலங்காட்டு நடராஜர் முன் அவசரப்படாதீர்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வந்ததே இல்லை, இந்த மியூசியத்தின் நடராஜர் படிமத்தைப் புகைப்படங்களில் பார்த்தே அதைப் பற்றி உருகி எழுதினார். நல்ல படம் அவ்வளவு தூரம் போகும்!

ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியிலிருந்து வந்த சிற்பங்கள், சுண்ணாம்புக்கல் பலகையில் புடைத்து நிற்கும்படி செதுக்கியவை. நேர் எதிரே நின்று எடுத்தால் தட்டையாகிவிடும். ஒருபக்கமாக நகர்ந்து, வெளிச்சம் சரிந்து விழுந்து நிழல் தெரிகிற கோணத்தைப் பிடியுங்கள்.

நண்பர்களை எடுப்பதென்றால், சிலைக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்க வைக்காதீர்கள். அவர்கள் குனிந்து பெயர்ப்பலகை படிக்கும்போது, திமிங்கல எலும்புக்கூட்டை அண்ணாந்து பார்க்கும்போது பக்கத்திலிருந்து எடுங்கள், சொல்லாமலே. யாரும் சிலையைத் தொடவோ பீடத்தில் சாயவோ வேண்டாம், படத்துக்காகக்கூட.

ஒவ்வொரு சிலைக்கும் அடுத்த படமாக அதன் பெயர்ப்பலகையை எடுத்துவிடுங்கள், வீட்டுக்கு வந்தபின் எது எந்த ஊர் என்று குழம்பாது. வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும்போது சாதாரணப் படமாகப் போடாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போதுதான் விரல் நகம்கூடத் தெளிவாகத் தெரியும்.