முழங்கையில் அடிபட்டால் பிசியோ எதை, எந்த வரிசையில் பார்ப்பார்

ஈசிஆரில் மணல் சிதறிய வளைவில் பைக் சறுக்கும், இல்லையென்றால் தேங்காய்த்திட்டு துறைமுகத்து ஈரத் தரையில் கால் வழுக்கும். விழும்போது கை தானாக நீண்டு தரையில் ஊன்றும், மொத்த எடையும் முழங்கையில் போய் இறங்கும். அப்புறம் வீட்டில் யாராவது எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு நீவ வருவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். முழங்கை ஒரு கோபக்கார மூட்டு, புது அடியில் அழுத்தித் தேய்த்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளரும் ஆபத்து அதற்கு உண்டு.

புதுச்சேரியில் பிசியோவாக இருக்கிறேன். வலிக்கிற இடத்தை நான் கடைசியாகத்தான் தொடுவேன். எப்படி விழுந்தீர்கள், 'டக்' என்று சத்தம் கேட்டதா, விரல் மரத்ததா என்று முதலில் கேட்பேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கவனித்துவிடலாம், அடிபட்ட கையை மற்ற கையால் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தால் விஷயம் பெரிது.

அடுத்தது மணிக்கட்டில் நாடி, விரல்களின் நிறம், சூடு. பிறகு மூன்று சின்ன வேலை: கட்டை விரலைத் தூக்கு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வளையம் போடு, விரல்களை விரி. மூன்றும் மூன்று நரம்புகளுக்கு. சுண்டு விரல் மட்டும் மரத்திருந்தால் முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பைச் சந்தேகிப்போம், சுவரில் இடித்தால் ஷாக் அடிக்குமே, அதேதான்.

இனி முக்கியமானது. உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி முழுக்க நிமிர்த்தச் சொல்வோம். அடிபட்ட கை மற்றதைப் போல நிமிரவில்லையா, எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். இங்கிலாந்தில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், நிமிர்த்த முடியாதவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு எலும்பு முறிவு இருந்தது, முழுக்க நிமிர்த்தியவர்களில் மிகச் சிலருக்கே. அதற்காக நிமிர்ந்தால் போதும், தப்பித்தோம் என்று நினைக்கக் கூடாது, அதுவும் குழந்தைகள் விஷயத்தில்.

கையை மடக்கினால் முழங்கை முனையும் இரு பக்க எலும்புப் புடைப்புகளும் முக்கோணமாக நிற்கும், நீட்டினால் ஒரே கோடாகும். அந்த வடிவம் கலைந்திருந்தால் மூட்டு நழுவியிருக்கலாம், அங்கேயே பரிசோதனையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். வெளிப்பக்கப் புடைப்புக்குச் சற்றுக் கீழே பெருவிரலை வைத்து, சாவி திருப்புவது போல முன்கையைத் திருப்பும்போது சுரீர் என்றால் ஆர எலும்பின் (முன்கையில் கட்டை விரல் பக்கம் இருக்கும் எலும்பு) தலையில் விரிசல் இருக்கலாம். கையூன்றி விழுந்தவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இதைத்தான்.

எக்ஸ்ரே சுத்தமாக வந்த பிறகே மற்றவை. மூட்டின் கோணத்தைக் காட்டும் கோனியோமீட்டர் வைத்து மடக்கலை அளப்போம். சாதாரணக் கை 140 டிகிரி, அதற்கு மேலும் மடங்கும், ஆனால் 30 முதல் 130 வரை கிடைத்தாலே அன்றாட வேலைகள் பெரும்பாலும் ஓடிவிடும். பிறகு லேசாக மடக்கிய கையை பக்கவாட்டில் மெதுவாக அழுத்தித் தசைநார் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். கடைசியில் கைக்குப் பிடிமானம் இருக்கிறதா என்றும்.

குழந்தைக்குக் கட்டுப் போட்டபின் விரல் வெளுத்தாலோ, விரலை நீட்டினாலே அலறினாலோ பிசியோவிடம் வர வேண்டாம், கட்டைத் தளர்த்திக்கொண்டே நேராக கேஷுவாலிட்டிக்கு ஓடுங்கள். மற்றபடி வரும்போது தளர்ந்த அரைக்கைச் சட்டை போட்டு வாருங்கள், முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதிலேயே பாதிப் பேருக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது.