பழைய டிசைனர் ஃபர்னிச்சர்: பணத்தைக் கொட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெம்ஃபிஸ் என்ற வடிவமைப்புக் குழுவின் பெயரைக் கேட்டதுமே ‘அபூர்வப் பொருள்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேதான் சறுக்கல் ஆரம்பம். இத்தாலிய வடிவமைப்பாளர் எத்தோரே சோட்சாஸ் மிலானில் கூட்டிய அந்தக் குழு 1981-ல் வெளியிட்ட கார்ல்டன் அலமாரியையே பாருங்கள். சாய்ந்த தட்டுகள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள், பலகைமேல் ஒட்டிய லேமினேட். அது இத்தனைதான் என்று வரம்பு வைத்து எண்ணிட்ட பதிப்பு அல்ல. பிற்பாடும் தொடர்ந்து செய்து விற்றார்கள். அலமாரியில் பதித்த தகட்டில் 1981 என்றிருந்தால் அது வடிவமைத்த ஆண்டு. உங்கள் அலமாரி எப்போது செய்யப்பட்டது என்பதை விற்பவர் தானாகச் சொல்லப்போவதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

உண்மையிலேயே எண்ணிச் செய்தவை வேறு. ஷிரோ குராமாதாவின் மிஸ் பிளான்ச் நாற்காலி, 1988-ல் வந்தது, 56 மட்டுமே. மார்க் நியூசனின் லாக்ஹீட் லவுஞ்ச் என்ற சாய்விருக்கை 10. ஆனால் அதற்கு வெளியே 4 ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்களும் (பதிப்பு எண்ணிக்கையில் சேராத பிரதிகள்) ஒரு முன்மாதிரியும் உண்டு. பத்து என்றதும் தலையாட்டிவிடாமல், பதிப்புக்கு வெளியே எத்தனை என்றும் விசாரியுங்கள்.

அலெஸ்ஸாந்த்ரோ மெண்டினியின் புரூஸ்ட் நாற்காலிதான் ஆளை நன்றாகக் குழப்பும். 1978-ன் முதல் நாற்காலியில் துணி, மரச்சட்டம் என்று ஓர் இடம் விடாமல் கையால் வண்ணப் புள்ளிகள் வைத்திருந்தார்கள். அப்புறம் அச்சிட்ட துணி போர்த்தியது வந்தது; 2011-ல் மாகிஸ் நிறுவனம் பிளாஸ்டிக்கிலேயே வார்த்தது. கையால் தீட்டியவையும் பின்னாட்களில் வந்தன. ஆகவே தூரிகைத் தடம் தெரிந்தால் மட்டும் போதாது. செய்த ஆண்டுக்கும் கைமாறிய வழிக்கும் காகிதம் வேண்டும்.

வாங்கிய பிறகு செய்யும் தவறு, என் பார்வையில், இன்னும் மோசம்: பளபளப்பாக்கும் ஆசை. மிஸ் பிளான்ச் முழுக்க அக்ரிலிக், உள்ளே மிதக்கும் செயற்கை ரோஜாக்கள். ஆல்கஹாலோ அம்மோனியாவோ கலந்த கண்ணாடி கிளீனர் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் விழலாம். அதைத் திரும்பச் சரிசெய்வது பெரும்பாடு. மெல்லிய சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். மெம்ஃபிஸ் பொருளில் மூலை பெயர்ந்திருந்தால் உள்ளூர் தச்சரிடம் புது லேமினேட் ஒட்டச் சொல்லாதீர்கள். பெயர்ந்த மூலையைவிட மாற்றிய லேமினேட்தான் மதிப்பை அதிகம் குறைக்கும்.

ஏல விலையை அப்படியே நம்புவதும் ஆபத்து. 2015-ல் லண்டனில் ஒரு லாக்ஹீட் லவுஞ்ச் 24 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஏல நிறுவனத்தின் கட்டணமும் அதில் அடக்கம். 2016-ல் பிரிட்டிஷ் பாப் பாடகர் டேவிட் போவியின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, சோட்சாஸ் வடிவமைத்த ஒரு தட்டச்சுப்பொறி, சில நூறு பவுண்டு மதிப்பிடப்பட்டது, 40,000 பவுண்டைத் தாண்டியது. அந்தப் பணம் போவியின் பெயருக்கு. அதை வைத்து உங்கள் வீட்டு சோட்சாஸுக்கு விலை போடாதீர்கள்.