மரப்பாலத்தின் காலுக்குச் சிமெண்டு போடாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு மரப்பாலம் உண்டு. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கும் ரப்பர் பால்மரக் காட்டுக்கும் நடுவே ஓடும் சிற்றாற்றின் மேல் போட்டது. விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும், தோளில் காவடிபோல் சுமக்கும் காண்டாவாளியோடு என் பாட்டி அதைக் கடந்துதான் பால் வெட்டப் போனார். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, லயமும் காலியானது. பாலம் மட்டும் நிற்கிறது. கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஒரு தடவையாவது அதில் நடக்காமல் திரும்புவதில்லை.

அதைக் காப்பாற்றத்தான் சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கூட்டுப்பணி செய்தோம். தூண்களின் அடியைத் தோண்டி, சுற்றிலும் சிமெண்டுக் கலவை கொட்டி இறுக்கினோம். நான்காவது மழைக்காலத்தில் ஒரு தூண் அந்தச் சிமெண்டு வளையத்துக்குள்ளேயே உளுத்து நசுங்கியது. வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் கையாலேயே அதைக் கெடுத்தோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

என்ன நடந்தது? மரம் வயதாவதால் உளுப்பதில்லை. ஈரம் தங்கினால்தான் உளுக்கிறது. ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சை வளராது. எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பகுதியும் காற்றுக் கிடைக்காததால் நெடுநாள் தாங்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும் இடம்தான் ஆபத்து. தூணில் அது தரையை ஒட்டிய ஒரு முழ உயரம். சரியாக அங்கேதான் நாங்கள் சிமெண்டு போட்டோம். மரம் சுருங்கும்போது சிமெண்டுக்கும் அதற்கும் இடையே மயிரிழை இடைவெளி விழும். மழைநீர் அதில் இறங்கும், வெளியேற வழி இருக்காது. ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் நாட்டில் அந்த வளையம் காயவே காயாது. தூண் பலவீனமாக இருந்தால் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். தண்ணீர் வடியும்படியும் மரத்தைக் கண்ணால் பார்க்கும்படியும் தாங்கு கொடுக்கச் சொல்லுங்கள்.

இதே தவறு பாலத்தின் மேலேயும் நடக்கிறது. பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடிப்பது, மேலே தார் ஊற்றுவது, காயாத மரத்துக்குக் கெட்டியாகப் பெயிண்ட் பூசுவது எல்லாம் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும் வேலைதான். பலகைகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுழையும் இடம் விடுங்கள். மரத்தின் வெட்டு முனை பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். அதனால் உத்திர முனைகளில் சேரும் மண்ணையும் சருகையும் மாதம் ஒரு முறை கூட்டித் தள்ளினாலே பாலத்தின் ஆயுள் கூடும். வெள்ளத்துக்குப் பிறகு தூண்களில் சிக்கிய செம்பனை மட்டைகளையும் எடுத்துவிடுங்கள். அவை தண்ணீரைத் தடுத்துத் தூணைத் தள்ளும்.

கரையான் வந்துவிட்டது என்று பழைய எஞ்சின் எண்ணெயைப் பூசுகிறவர்கள் பலர். அது பெரும்பாலும் மேலோடு நிற்கும், ஆழமாக இறங்காது. மழையில் அடித்துக்கொண்டு போய்க் கீழே பிள்ளைகள் மீன் பிடிக்கும் ஆற்றில்தான் போய்ச் சேரும்.

அப்புறம், ஒரு பலகை போனால் பாலமே போச்சு என்று மொத்தமாகப் பிரித்துவிடுவது. அவசரப்படாதீர்கள். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்தது மந்தமாக ஒலிக்கும். திருப்புளியால் குத்தினால் எவ்வளவு ஆழம் போகிறது என்றும் தெரியும். பெரும்பாலும் முனை மட்டும்தான் கெட்டிருக்கும். அதை வெட்டி, புது மரத்தையும் பழையதையும் பாதிப்பாதியாகச் செதுக்கிப் பொருத்தி போல்ட்டு முடுக்கலாம்.

ஆனால் என்ன மரம்? தோட்டத்தில் சும்மா கிடக்கிறதே என்று ரப்பர் மரத்தைப் போடாதீர்கள், வெயிலிலும் மழையிலும் அது சீக்கிரம் கெட்டுவிடும். செம்பனைத் தண்டு அதைவிட மோசம். பழைய பாலத்தில் இருப்பது செங்கால் (chengal) என்ற உறுதியான மலேசியக் காட்டு மரம் என்றால் செங்காலே தேடுங்கள். அதன் வைரப்பகுதிதான் வேண்டும், வெளிறிய ஓரம் வேண்டாம். கனமான மரம், முதலில் துளையிட்டுத்தான் ஆணி இறக்க வேண்டும், இல்லையென்றால் பிளந்துவிடும். ஆணியும் போல்ட்டும் துத்தநாகம் பூசியதாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும்.

நினைவுச்சின்னங்களுக்கான அனைத்துலக மன்றமான இக்கோமோஸ், மரக் கட்டுமானங்களுக்காக 1999-இல் வெளியிட்ட கொள்கைகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. புதிதாகச் சேர்க்கும் மரத்தில் கண்ணை உறுத்தாத ஓர் அடையாளத்தைச் செதுக்கவோ சூடு போடவோ வேண்டும். எது பாட்டி காலத்துப் பலகை, எது நம்முடையது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும்.

பிரிப்பதற்கு முன் அளவெடுக்காமல் விடுவதுதான் திருத்தவே முடியாத தவறு. ஜப்பானின் இவாகுனியில் 1673-இல் முதன்முதலில் கட்டப்பட்ட கிந்தாய் மரப்பாலத்தை 1950-இல் வெள்ளம் அடித்துச் சென்றது. 1953-இல் அதே வடிவில், மரத்திலேயே மறுபடி எழுப்பினார்கள். அவர்களிடம் பழைய வரைபடங்களும் வேலை தெரிந்த தச்சர்களும் இருந்தார்கள். நம் தோட்டப் பாலங்களுக்கு வரைபடம் கிடைப்பது அரிது. ஒரு நாடாவும் கைப்பேசியும் போதும்: ஒவ்வொரு தூணின் உயரம், உத்திரத்தின் கனம், பொருத்தின் படம். அப்படியே, அந்தப் பாலத்தில் பலகை மாற்றிய பெரியவர் யாராவது உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், குரலைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.