பாலர் பள்ளிக்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடியவை

பாலர் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே எழுத்துகளைத் திணிக்க வேண்டாம். முதலில் பேச்சு வரட்டும். குழந்தையிடம் ஏதாவது கேட்டால், மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுக் காத்திருங்கள். சொல்லைத் தேடி எடுக்க அதற்கு நேரம் வேண்டும். நாமோ அவசரப்பட்டு பதிலையும் சொல்லிவிடுகிறோம்! "பந்து" என்று சொன்னால், "ஆமாம், சிவப்புப் பந்து. கட்டிலுக்கு அடியில் உருண்டு போச்சு" என்று கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். மழலையில் தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டியதில்லை. சரியான உச்சரிப்பு உங்கள் பதிலில் இருந்தால் போதும்.

அப்புறம் கைவேலை. துணி மடிக்கும்போது காலுறைகளைக் குவித்து வைத்து ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். நிறம், அளவு, ஒப்பிடுதல் எல்லாம் அதிலேயே வந்துவிடும். பொத்தான் போடுவதும் டப்பா மூடியைத் திருகுவதும் விரல்களைப் பென்சிலுக்குத் தயார்படுத்தும். என்ன, உங்களுக்கு வேலை இரட்டிப்பாகும்.

ஒரே படப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். பக்கத்தை அவர்களே புரட்டட்டும்.

செல்போன், டிவி விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: 2 வயது வரை வேண்டவே வேண்டாம், 2 முதல் 4 வயதுக்கு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை.

2 வயது முடிந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை அல்லது கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், "தானா வரும்" என்று காத்திருக்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள்.